எண்ணெயை நிறுத்தியும் இரத்தக் கொழுப்பு இறங்காதது ஏன்?

கேள்வி: என் கணவருக்கு வயது 52. எடை 76 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர். குண்டு என்று சொல்ல முடியாது, தொப்பை மட்டும் உண்டு. பினாங்கு மாநிலத்துப் பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. ஏழு வருடமாக இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் இருக்கின்றன. மெட்ஃபார்மின், கிளிக்ளசைடு, அம்லோடிபின் சாப்பிடுகிறார். போன வருடம் கொழுப்பு அதிகம் என்றார்கள். அன்றிலிருந்து வீட்டில் வறுவல் இல்லை, ஆட்டிறைச்சி இல்லை, தேங்காய்ப்பால் இல்லை. காலையில் இடியாப்பமும் சீனியும் அல்லது இட்லி, மதியம் சோறும் ரசமும் காயும், இரவில் கஞ்சி. வேலையில் நாலு கிளாஸ் தே தாரிக் (கெட்டிப்பால் தேநீர்) குடிப்பார், பசித்தால் மேரி பிஸ்கட். அப்படியும் இந்த முறை மொத்தக் கொலஸ்ட்ரால் 5.9, நல்ல கொலஸ்ட்ரால் என்கிற எச்டிஎல் 0.8, டிரைகிளிசரைடு என்கிற இரத்தக் கொழுப்பு 5.2 என்று வந்திருக்கிறது. கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்டிஎல் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணே இல்லை. மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 8.6. கொலஸ்ட்ராலை இறக்க டாக்டர் எழுதித் தந்த சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் சீனியை ஏற்றிவிடும் என்று வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு, அதை அலமாரியில் போட்டுவிட்டார். பதிலுக்குச் சீன மருந்துக் கடையில் வாங்கிய சிவப்பு அரிசி மாத்திரையைச் சாப்பிடுகிறார். உயிர்மருத்துவம் படிக்கும் என் மகளோ, இனிப்பு நீரைக் கொழுப்பு நோய் என்றுதான் பார்க்க வேண்டும் என ஒரு விஞ்ஞானி எழுதியிருப்பதாகச் சொல்கிறாள். எதை நம்புவது?
பட்டர்வொர்த் வாசகி

பதில்: சகோதரி, உங்கள் மகள் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். உங்களுடைய மற்றக் கேள்விகளுக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

அவள் படித்தது டெனிஸ் மெக்காரி என்ற உயிர்வேதியியலாளர் எழுதியதாக இருக்க வேண்டும். 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கியும் வான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்துப் பார்த்தார்கள். நாயின் சிறுநீரில் சீனி இறங்கியது. அன்றிலிருந்து இந்த நோயின் பெயர், பரிசோதனை, பத்தியம் எல்லாமே சீனியைச் சுற்றியே வளர்ந்தன. நம் தமிழிலும் ‘இனிப்பு நீர்’ என்றுதான் பெயர் வைத்தோம். 1992-இல் சயின்ஸ் இதழில் மெக்காரி ஒரு கேள்வி எழுப்பினார். மின்கோவ்ஸ்கிக்கு நாக்கில் சுவையே தெரியாமல், மூக்கு மட்டும் கூர்மையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இனிப்புக்குப் பதில் அசிட்டோன் வாடையைத்தான் அவர் கவனித்திருப்பார். அசிட்டோன் கொழுப்பு எரிவதில் உண்டாவது. அப்படியானால் ஆராய்ச்சி முழுக்கக் கொழுப்பின் பக்கமிருந்து தொடங்கியிருக்கும் என்றார்.

மெக்காரி இதைச் சும்மா சொல்லவில்லை. 1977-இல் டல்லாஸில் டேனியல் ஃபாஸ்டருடன் சேர்ந்து அவர் கண்டுபிடித்த ஒரு விஷயம் உங்கள் வீட்டுச் சமையலுக்கு நேரடியாகப் பொருந்தும். கொழுப்பு எரியும் அடுப்பு, உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. அதன் வாசலில் சிபிடி-1 என்றொரு நொதி நிற்கிறது. கொழுப்பமிலம் அதைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். சோறும் சீனியும் அளவுக்கு மேல் வந்து இன்சுலின் ஏறும்போது, கல்லீரல் மிஞ்சிய மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றத் தொடங்குகிறது. அந்த வேலையின் முதல் படியில் மலோனைல்-கோஏ என்ற பொருள் உண்டாகிறது. அதுதான் போய் சிபிடி-1-ஐப் பூட்டுகிறது. புதுக் கொழுப்பு கட்டப்படும் நேரத்தில் பழைய கொழுப்பு எரியாது. உடல் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்து வீணடிக்காமல் இருக்க அமைந்த ஏற்பாடு இது. ஆனால் நாள் முழுக்க, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை இனிப்பும் மாவும் போய்க்கொண்டே இருந்தால் அந்தப் பூட்டு திறக்க நேரமே கிடைக்காது.

இதோடு இன்னொரு கோளாறும் சேர்கிறது. இன்சுலினின் வேலை சீனியை இறக்குவது மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். வயிற்றிலும் தொடையிலும் சேர்த்து வைத்த கொழுப்பு தேவையில்லாத நேரத்தில் இரத்தத்துக்குள் ஒழுகாமல் குழாயை மூடி வைப்பதும் அதன் வேலைதான். உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோது அந்தக் குழாய் இறுக மூடுவதில்லை. இரவு பகலாகக் கொழுப்பமிலம் ஒழுகுகிறது, அதில் பெரும் பகுதி கல்லீரலுக்குப் போய்ச் சேருகிறது. கல்லீரலோ, சீனியை வெளியே விடாதே என்று இன்சுலின் இடும் கட்டளையைக் கேட்பதில்லை. கொழுப்பு கட்டு என்ற கட்டளையை மட்டும் விடாமல் நிறைவேற்றுகிறது. எல்டிஎல் ஏற்பியைக் கண்டுபிடித்து 1985-இல் நோபல் பரிசு பெற்ற பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் இந்த முரணைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதினார்கள். ஒரே ஆளுக்குச் சீனியும் டிரைகிளிசரைடும் சேர்ந்தே ஏறுவது இதனால்தான்.

கல்லீரலில் சேரும் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்று 2005-இல் ஒரு குழு அடையாளமிட்ட அணுக்களை உணவிலும் இரத்தக் குழாய் வழியாகவும் கொடுத்துப் பின்தொடர்ந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் அளவீடு நுணுக்கமானது. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களிடம் ஏறக்குறைய 59 சதவிகிதம் உடற்கொழுப்பிலிருந்து ஒழுகி வந்தது. 26 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்து கல்லீரலே புதிதாகக் கட்டியது. சாப்பிட்ட கொழுப்பிலிருந்து நேராக வந்தது 15 சதவிகிதம். நீங்கள் ஒரு வருடமாகக் காவல் காத்தது அந்த 15-ஐத்தான், சகோதரி. உங்கள் உழைப்பைக் குறை சொல்லவில்லை. கொழுப்பு என்று சொல்லி அனுப்பினால் யாரும் எண்ணெய்ச் சட்டியைத்தான் பார்ப்பார்கள். வறுவலை நிறுத்திய இடத்தில் இடியாப்பமும் சீனியும் கஞ்சியும் பிஸ்கட்டும் வந்து உட்கார்ந்துகொண்டன, அவ்வளவுதான் நடந்தது.

இனி அந்த இரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்டிஎல் இடம் ஏன் காலி? பெரும்பாலான ஆய்வுக்கூடங்கள் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. 1972-இல் ஃப்ரீட்வால்ட் தந்த கணக்கில் போடுகின்றன. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லைக் கழித்து, டிரைகிளிசரைடை 2.2-ஆல் வகுத்து அதையும் கழிக்க வேண்டும். உங்கள் கணவருக்குப் போட்டால் 5.9 கழித்தல் 0.8, அதில் கழித்தல் 2.4. விடை 2.7. பார்க்க மோசமில்லாத எண். ஆனால் டிரைகிளிசரைடு 4.5-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. அந்த 2.2 என்ற வகுத்தி, டிரைகிளிசரைடைச் சுமக்கும் துகள்களில் கொலஸ்ட்ரால் எப்போதும் ஒரே விகிதத்தில் இருக்கும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. டிரைகிளிசரைடு மிகுந்த இரத்தத்தில் அந்த விகிதம் மாறிவிடும். கழிக்க வேண்டியதற்கு மேல் கழித்து, எல்டிஎல்லை உள்ளதை விடக் குறைத்துக் காட்டும். அதனால்தான் ஆய்வுக்கூடம் எண் போடாமல் விட்டிருக்கிறது. சரியான முடிவு அது.

அப்படிப்பட்ட இரத்தத்தைச் சோதனைக் குழாயில் ஊற்றிச் சுழற்றி எடுத்தால், மேலே நிற்கும் நீர் வழக்கமான வைக்கோல் நிறத்தில் தெளிவாக இராமல் மங்கிக் கலங்கியிருக்கும். அளவு இன்னும் ஏறினால், இரண்டாம் முறை பிழிந்த தேங்காய்ப்பால் போலவே தெரியும். தேங்காய்ப்பாலே தொடாதவரின் இரத்தமும் அப்படி வரும்.

எல்டிஎல் இல்லாவிட்டாலும் உங்களால் இப்போதே போடக்கூடிய ஒரு கணக்கு உண்டு. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழியுங்கள். 5.9 கழித்தல் 0.8, விடை 5.1. இதற்கு ‘எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரால்’ என்று பெயர். இரத்தக் குழாயின் சுவரில் போய் ஒட்டக்கூடிய எல்லாத் துகள்களின் கொலஸ்ட்ராலும் இதற்குள் அடக்கம். பட்டினி இல்லாமலும் பார்க்கலாம். இலக்கு என்னவென்றால், எல்டிஎல் இலக்கோடு 0.8-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். இனிப்பு நீரோடு இரத்தக் கொதிப்பும் சேர்ந்த ஒருவருக்கு எல்டிஎல் 1.8-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று வைத்தால், எச்டிஎல் அல்லாதது 2.6-க்குக் கீழே வர வேண்டும். ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் எல்டிஎல் 1.4-க்குக் கீழே. உங்கள் கணவரின் 5.1 இலக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த ஓர் எண்ணுக்காகவே அலமாரியில் கிடக்கும் மருந்தைப் பற்றி மறுபடி பேச வேண்டியிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எச்டிஎல் 0.8 என்று கீழே கிடப்பதும் தனிக் கோளாறு இல்லை. டிரைகிளிசரைடு சுமக்கும் துகள்கள் இரத்தத்தில் நெடுநேரம் சுற்றும்போது, எச்டிஎல்லோடும் எல்டிஎல்லோடும் சரக்கு மாற்றிக்கொள்கின்றன. டிரைகிளிசரைடைக் கொடுத்துக் கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்ளும். டிரைகிளிசரைடு ஏறிய எச்டிஎல் விரைவில் உடைந்து வெளியேறுகிறது. எல்டிஎல் சுருங்கிச் சிறியதாகவும் அடர்த்தியாகவும் ஆகிறது. ஒவ்வொரு துகளிலும் கொலஸ்ட்ரால் குறைவு, ஆனால் துகள்களின் எண்ணிக்கை அதிகம். எல்டிஎல் நார்மல் என்று சொல்லப்பட்ட இனிப்பு நீர்க்காரருக்கு மாரடைப்பு வருவதில் இதற்குப் பங்கு உண்டு. துகள்களை எண்ணவே ஒரு பரிசோதனை இருக்கிறது, அப்போ-பி என்று கேட்க வேண்டும். ஒரு துகளுக்கு ஓர் அப்போ-பி தான் இருக்கும். தனியார் ஆய்வுக்கூடங்களில் செய்கிறார்கள். கையில் காசிருந்தால் செய்யலாம், இல்லாவிட்டால் 5.1 என்ற எண்ணே இப்போதைக்குப் போதும்.

இணையத்தில் தமிழ்நாட்டு வீடியோக்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அங்கே மில்லிகிராமில் சொல்வார்கள், நம் தாளில் மில்லிமோல். டிரைகிளிசரைடை 88.5-ஆல் பெருக்க வேண்டும். 5.2 என்பது அங்கே 460. அவர்கள் 150 என்று சொல்லும் எல்லை நமக்கு 1.7. கொலஸ்ட்ராலுக்கு 38.7, சீனிக்கு 18.

சமையலுக்கு வருகிறேன். ஆனால் அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. உங்கள் கணவர் கிளிக்ளசைடு சாப்பிடுகிறார். அது சாப்பாடு குறைந்தாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவைக்கும் மருந்து. சோற்றை இன்று பாதியாகக் குறைத்துவிட்டு மாத்திரையை மட்டும் அதே அளவில் போட்டால், இரவு ஷிப்டில் சீனி 4-க்குக் கீழே விழலாம். வியர்வை, நடுக்கம், குழப்பம் வரும். இயந்திரம் பக்கத்தில் நிற்கும் ஆளுக்கு அது பெரிய ஆபத்து. ஆகவே கிளினிக்கில் சொல்லி, கிளிக்ளசைடைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வீட்டில் சீனி பார்க்கும் கருவி கட்டாயம் இருக்க வேண்டும். 4-க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். தே தாரிக் அதற்கு உதவாது, பாலில் உள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதமாக்கும். பிற்பாடு எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற, சிறுநீரில் சீனியை வெளியேற்றும் மாத்திரை தந்தால், மாவுச்சத்தை அடியோடு நிறுத்தவே கூடாது. சீனி சாதாரணமாக இருக்கும்போதே இரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து அதில் உண்டு.

முதல் வேலை தே தாரிக். அதில் ஊற்றும் சுசு பெக்காட் என்ற இனிப்புக் கெட்டிப்பாலில் பாதிக்கு மேல் சீனி. ஒரு மேசைக்கரண்டி 20 கிராம் இருக்கும், கடைக்காரர் இரண்டு கரண்டி விட்டால் 40 கிராம், அதில் சீனி மட்டும் 20 கிராமுக்கு மேல். நாலு கிளாஸுக்கு 80 கிராமைத் தாண்டிவிடும். ஒரு நாள் முழுவதுக்கும் சேர்த்துச் சேர்க்கை இனிப்பு 50 கிராமுக்குள் நிற்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. வெள்ளைச் சீனியில் பாதி ஃப்ரக்டோஸ். அது பெரும்பாலும் கல்லீரலுக்கே போய்க் கொழுப்பாகும் வேகம் மிகுந்தது. ‘குராங் மானிஸ்’ (இனிப்பு குறைவாக) என்று கேட்டால் போதாது, அது கடைக்குக் கடை மாறும். பாலும் சீனியும் இல்லாத ‘தே ஓ கோசோங்’ என்று கேட்கச் சொல்லுங்கள். முதல் பத்து நாள் கசக்கும். நாலையும் ஒரே நாளில் நிறுத்த முடியாவிட்டால் இரவு ஷிப்டின் கிளாஸ்களை முதலில் மாற்றட்டும். நடுச்சாமத்தில் இன்சுலின் வேலை இன்னும் மந்தம். த்ரீ-இன்-ஒன் காப்பிப் பொட்டலமும் இதே கதைதான். பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் சீனியோ கிரீமரோதான் முதல் இரண்டு பெயர்களில் இருக்கும்.

அடுத்து சோறு. வெந்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து 28 கிராம். வீட்டுத் தட்டில் குவித்துப் போட்டால் 300 கிராம் எளிதாக வந்துவிடும், அது 84 கிராம். சமையல் தராசில் ஒரே ஒரு முறை நிறுத்துப் பாருங்கள், பிறகு கண்ணே அளவு சொல்லும். 120 கிராமுக்கு இறக்குங்கள். சுகாதார அமைச்சின் கால்-கால்-அரைத் தட்டு இதற்கு நல்ல வழிகாட்டி. கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ, அரைப் பங்கு காயும் கீரையும். உங்கள் தட்டில் காணாமல் போனது அந்த இரண்டாவது கால்தான். சோறு, ரசம், காய் என்றால் புரதம் மிகக் குறைவு. பசி சீக்கிரம் வரும், கை பிஸ்கட்டுக்குப் போகும். கெம்போங் மீன் குழம்பு வையுங்கள், முட்டை, சோயாவில் செய்த தௌஹு, தெம்பே சேருங்கள். பருப்பும் நல்லதுதான், ஆனால் அதிலும் மாவுச்சத்து உண்டு என்பதால் பருப்பு கூடும் நாளில் சோறு குறைய வேண்டும். மீனையும் காயையும் பாதி முடித்துவிட்டுச் சோற்றைத் தொட்டால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சீனி ஏற்றம் குறையும். இரவுக் கஞ்சியை விட்டுவிடுங்கள். நன்றாகக் குழைந்த அரிசி விரைவில் சீனியாகிவிடும். இடியாப்பத்தை விடவே மாட்டேன் என்றால், இரண்டு மட்டும், சீனிக்குப் பதில் மீன் குழம்போ முட்டைக் குழம்போ ஊற்றி.

எண்ணெயை இப்போது வாரி ஊற்றலாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தேங்காய்ப்பாலும் நெய்யும் ஆட்டுக் கொழுப்பும் எல்டிஎல்லை ஏற்றும். செம்பனை எண்ணெயிலும் ஏறக்குறைய பாதி நிறைகொழுப்பு. ஆனால் காயை இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் தாளித்து வதக்குவதில் பயப்பட ஒன்றுமில்லை. நாசி கண்டார் கடைக்குப் போனால் எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்லாமல் மீன், வெண்டைக்காய், முட்டைகோஸ், சோறு பாதி என்று கேட்கலாம். குழம்பு ‘பஞ்சீர்’ ஆனால், அதாவது வெள்ளமாக ஊற்றினால், சோறும் தன்னால் கூடும், அதுதான் அங்கே தவறும் இடம்.

எடை 4 முதல் 7 கிலோ வரை இறங்கினால், அதாவது 5 முதல் 10 சதவிகிதம், டிரைகிளிசரைடு ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று எதிர்பார்க்கலாம். தே தாரிக்கின் சீனியும் போனால் அதற்கு மேலும் குறையும். குண்டு இல்லையே என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய பிஎம்ஐ ஏறக்குறைய 27. ஆசியர்களுக்கு 23-க்கு மேல் அதிகம் என்றுதான் கணக்கு. நம் மக்களுக்குக் கை கால் மெலிந்து, கொழுப்பு வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் சேரும் உடல்வாகு உண்டு. இடுப்பை அளந்து பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில். ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் உள்ளே கொழுப்பு இருக்கிறது. 2017-இல் பிரிட்டனில் வெளிவந்த டைரெக்ட் ஆய்வில், கடுமையான கலோரிக் கட்டுப்பாட்டோடு 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவிகிதம் பேர் ஒரு வருடத்தில் மருந்தில்லாமல் இனிப்பு நீர் இல்லாத நிலைக்கு வந்தார்கள். நோய் வந்து ஆறு வருடத்துக்கு உட்பட்டவர்களை மட்டும் எடுத்த ஆய்வு அது. உங்கள் கணவருக்கு ஏழு வருடம் ஆகிறது, அவ்வளவு கடுமையான பத்தியத்தை மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தொடங்கவும் கூடாது. ஆனாலும் கல்லீரலையும் கணையத்தையும் சுற்றிய கொழுப்பு கரைந்தால் சீனி இறங்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் 15 நிமிடம் நடப்பதைத் தொழிற்சாலை இடைவேளையிலேயே செய்யலாம்.

இப்போது அலமாரியில் இருக்கும் மாத்திரை. வாட்ஸ்அப்பில் வந்தது முழுப் பொய்யில்லை, அதுதான் சங்கடம். சிம்வாஸ்டாட்டின் அடங்கிய ஸ்டாட்டின் வகை மருந்துகள் சீனியைச் சற்று ஏற்றுவது உண்மை. 2010-இல் 13 ஆய்வுகளை, 91,140 பேரைச் சேர்த்துப் பார்த்தார்கள். 255 பேர் நாலு வருடம் ஸ்டாட்டின் சாப்பிட்டால் கூடுதலாக ஒருவருக்கு இனிப்பு நீர் வருகிறது. அது நோய் இல்லாதவர்களைப் பற்றிய கணக்கு. ஏற்கெனவே இனிப்பு நீர் உள்ளவருக்கு எச்பிஏ1சி ஏறுவது 0.1 அளவில்தான். 8.6 என்பது 8.7 ஆகலாம். உங்கள் கணவரின் 8.6-க்குத் தே தாரிக்கின் பங்கு அதைப்போல் பல மடங்கு. மறுபக்கம் என்ன கிடைக்கிறது? 2004-இல் வெளிவந்த கார்ட்ஸ் ஆய்வில் இதயநோய் இன்னும் வராத, எல்டிஎல்லும் அவ்வளவாக உயராத 2,838 இனிப்பு நீர்க்காரர்கள் சேர்ந்தார்கள். தினமும் அடோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 37 சதவிகிதம் குறைந்தன. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை ஏறக்குறைய இரண்டு வருடம் முன்னதாகவே முடித்துவிட்டார்கள். இவ்விரண்டையும் தராசில் வைத்தால் எந்தப் பக்கம் தாழும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிவப்பு அரிசி மாத்திரையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அந்த அரிசியில் வளரும் பூஞ்சை மொனாக்கோலின்-கே என்ற பொருளை உண்டாக்குகிறது. அதன் இன்னொரு பெயர் லோவாஸ்டாட்டின், 1987-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற முதல் ஸ்டாட்டின் மாத்திரை. ஆகவே ஸ்டாட்டினுக்குப் பயந்து உங்கள் கணவர் ஸ்டாட்டினையேதான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். மருந்தில் எத்தனை மில்லிகிராம் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும். இதில் ஒரு புட்டிக்கும் அடுத்த புட்டிக்கும் அளவு மாறும். பூஞ்சை சரியாக வளர்க்கப்படாவிட்டால் சிறுநீரகத்துக்குக் கேடான சிட்ரினின் நஞ்சும் கலந்திருக்கலாம். டாக்டர் தந்ததையும் இதையும் சேர்த்துச் சாப்பிட்டால் தசை சிதையும் ஆபத்து கூடும்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அம்லோடிபின் சாப்பிடுபவருக்குச் சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, அம்லோடிபின் அதன் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். இப்போது எழுதியிருப்பது சரியான அளவு, ஆனால் அதுவே உச்சவரம்பும்கூட. இலக்கு இன்னும் வெகுதூரம் இருப்பதால், அடோர்வாஸ்டாட்டினுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். சிம்வாஸ்டாட்டினை இரவில்தான் போட வேண்டும், ஷிப்டுக்காரர் மறந்துவிடுவார். அடோர்வாஸ்டாட்டினை எந்த நேரத்திலும் போடலாம். டிரைகிளிசரைடுக்கென்று ஃபீனோஃபைப்ரேட் சேர்க்கும் யோசனை, உணவையும் சீனியையும் சரிசெய்த பிறகும் 5.6-க்கு மேல் நின்றால் வரும். ஜெம்ஃபைப்ரோசில் என்ற பழைய மருந்தைச் சிம்வாஸ்டாட்டினோடு சேர்க்கவே கூடாது. கடை மீன் எண்ணெய் மாத்திரைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஒன்றில் பயனுள்ள ஒமேகா-3 பொதுவாக 300 மில்லிகிராம்தான், டிரைகிளிசரைடு இறங்க 2 முதல் 4 கிராம் வேண்டும். அந்தக் காசுக்குக் கெம்போங் வாங்கலாம்.

மாத்திரை தொடங்கிய பின் இரண்டு தொடையும் காரணமில்லாமல் வலித்தால் கிளினிக்கில் தசைச் சிதைவைக் காட்டும் சிகே என்ற இரத்தப் பரிசோதனை கேளுங்கள். சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே போக வேண்டும்.

இன்னும் சில பரிசோதனைகள் பாக்கி. தைராய்டு மந்தமானாலும், சிறுநீரில் புரதம் ஒழுகினாலும் இதே மாதிரி கொழுப்பு ஏறும், ஆகவே டிஎஸ்எச் என்ற தைராய்டுப் பரிசோதனையும் சிறுநீர் அல்புமினும் பார்க்கச் சொல்லுங்கள். மது குடிப்பவர் என்றால் டாக்டரிடம் மறைக்க வேண்டாம், டிரைகிளிசரைடை அதுபோல் ஏற்றுபவை வெகு சிலவே. கல்லீரலைப் பற்றி ஏற்கெனவே உள்ள தாள்களிலிருந்தே ஒரு கணக்குப் போடலாம், ஃபிப்-4 என்று பெயர். ஏஎஸ்டி, ஏஎல்டி இரண்டும் கல்லீரல் நொதிகள், பிளேட்லெட் இரத்தத் தட்டணு. வயதை ஏஎஸ்டியால் பெருக்கி, அதை, பிளேட்லெட் எண்ணிக்கையை ஏஎல்டியின் வர்க்கமூலத்தால் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக ஏஎஸ்டி 38, ஏஎல்டி 49, பிளேட்லெட் 240 என்றால், 52 பெருக்கல் 38 என்பது 1,976. 49-இன் வர்க்கமூலம் 7, 240 பெருக்கல் 7 என்பது 1,680. வகுத்தால் 1.18. 1.3-க்குக் கீழே என்றால் கல்லீரல் தழும்பேறியிருக்கும் வாய்ப்பு குறைவு. மேலே வந்தால் அடுத்த கட்டப் பரிசோதனை வேண்டும். உங்கள் மகள் இதை ஐந்து நிமிடத்தில் போட்டுத் தருவாள். ஏஎல்டி சற்று ஏறியிருக்கிறது என்பதற்காக ஸ்டாட்டினைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, நார்மல் உச்ச அளவைப் போல் மூன்று மடங்குக்கு மேல் போனால்தான் யோசிக்க வேண்டும்.

மறு இரத்தப் பரிசோதனை எட்டு வாரம் கழித்து. டிரைகிளிசரைடு சில வாரங்களிலேயே இறங்கத் தொடங்கும், ஸ்டாட்டினின் முழு விளைவு நாலு முதல் ஆறு வாரத்தில் தெரியும். எச்பிஏ1சிக்கு மூன்று மாதம் பொறுக்க வேண்டும், சிவப்பணுவின் ஆயுள் 120 நாள் என்பதால். முன்னிரவு சாப்பிட்டபின் 10 முதல் 12 மணி நேரம் தண்ணீர் மட்டும். இரவு ஷிப்டு முடித்துவிட்டு நேராகப் போய் இரத்தம் கொடுக்க வேண்டாம். நடுச்சாமம் மூன்று மணிக்குக் குடித்த தே காலை எட்டு மணிக்கும் டிரைகிளிசரைடாகத் தெரியும். விடுமுறை நாளுக்கு மறுநாள் காலையைத் தேர்ந்தெடுங்கள். அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட்டில் இதெல்லாம் முடியும்.

இடையில் எப்போதாவது மேல்வயிற்றில் கடும் வலி எடுத்து முதுகுக்குப் பரவி, வாந்தியும் வந்தால், வாய்வு என்று இஞ்சித் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். டிரைகிளிசரைடு 11-ஐ நெருங்கினால் கணையமே வீங்கிவிடும் ஆபத்து உண்டு. இப்போது 5.2 என்றாலும், சீனி கட்டுக்கடங்காமல் போகும் வாரத்தில் அந்த அளவை எட்டிவிடலாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போய், இனிப்பு நீர் இருக்கிறது, டிரைகிளிசரைடு அதிகம் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.